மூன்றாம் துணைத்தேற்றமும் ராக்கம்மாவும்

1957 பிப்ரவரி 5, செவ்வாய்

விடியும் முன்பே மழை. ரப்பர் மரத்தில் பால்வெட்டு இல்லை. ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டுக்கு வந்தவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டு ஆபீசில் உட்கார்ந்து கொட்டாவி விட்டேன். ஆபீஸ் கணக்கெழுதும் பெரிய கிராணி லீவில் போனதிலிருந்து சின்னக் கிராணியான எனக்கு இரண்டு பேர் வேலை. மழை நாளில் இரண்டு பேர் சோம்பல்.

பொதுச் சமையல் கூடத்துச் சோறு இன்றும் மத்தியானத்துக்குள் புளித்துவிட்டது. காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு ஒரு பிடி அரிசிகூடப் போய்விடக் கூடாது என்று அரசாங்கம் வீட்டுக்கு வீடு உலையை நிறுத்திவிட்டது. முள்ளுக்கம்பிக்குள் இருக்கும் அத்தனை பேருக்கும் ஒரே இடத்தில் சோறு வேகிறது. என் மனைவி சின்னாச்சிக்குச் சொந்தமாக மிஞ்சியது குழம்பு. அதையும் நான் குறை சொன்னால் அவளுக்குக் கோபம் வராதா?

கோபத்தில்தான் கேட்டாள், கல்யாணமான பிறகு முதல்முறையாக. "அப்பிடி என்னதான் அந்தத் தாளுகளில எழுதித் தள்ளுறியள்?"

சொன்னேன். இயற்கணிதத்தில் ஒரு கேள்வி. பெரிய அமைப்புகளைத் துண்டு துண்டாகப் பிரித்துக்கொண்டே போகலாம், இனிப் பிரிக்கவே முடியாது என்ற துண்டு வரும்வரை. அந்தத் துண்டுகள் இந்த அளவுக்கு மேல் பெரிதாக இருக்காது என்று தெரிந்துவிட்டது என்று வைத்துக்கொள். அப்படியானால் அவற்றில் எத்தனை வகை உண்டு என்பதற்கும் ஓர் எல்லை இருந்தாக வேண்டுமா? அமெரிக்காவில் இரண்டு பேர் கேட்டு வைத்த கேள்வி. ஆம் என்றுதான் எல்லோருக்கும் தோன்றுகிறது. ஒருவராலும் காட்ட முடியவில்லை.

"அளவுக்கு எல்லை இருந்தா எண்ணிக்கைக்கும் எல்லை இருக்கும்தானே. இதுக்கோ நாலு வருஷம்?"

முகம் கழுவப் போய்விட்டேன். என் நிரூபணம் முடிந்துவிட்டது என்று அவளிடம் சொல்லியிருக்கலாம். போன வாரம்தான் மூன்றாம் துணைத்தேற்றம் கைகூடியது. இரண்டு சிறு துண்டுகளை ஒட்டிப் பெரிய துண்டு செய்ய எண்ணி முடிக்கக்கூடிய வழிகள்தான் உண்டு என்று சொல்வது. அரைப் பக்கம். மொத்தமும் அதன் மேல்தான் நிற்கிறது. நான் எழுதியவற்றில் அதுதான் அழகு.


பிப்ரவரி 8, வெள்ளி

மழை. வெட்டு இல்லை. கணக்கும் ஓடவில்லை. உடம்பு முழுக்கச் சோர்வு.


பிப்ரவரி 12, செவ்வாய்

ராக்கம்மாவைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

எங்கள் வீட்டில் துணி துவைத்துக் கொடுக்கும் ராக்கம்மாதான். காலையில் வெட்டுக்குப் போகும்போது கேட்டில் வழக்கமான சோதனை. இடுப்பில் வெற்றிலைப் பொட்டலம். வெற்றிலைக்குத் தடை இல்லை. சோதனை போடுகிற பெண் பொட்டலத்தைப் பிரித்திருக்கிறாள், உள்ளே அரிசி இருக்கிறதா என்று பார்க்க. அரிசி இல்லை. தாள் இருந்தது. நான் அடித்துவிட்டு எறிந்த தாள். பொட்டலம் கட்ட ராக்கம்மா பழைய பேப்பர் கேட்டாளாம், சின்னாச்சி இதைக் கொடுத்திருக்கிறாள்.

தாளில் என்ன? 1, 2, 3 என்று மூன்று புள்ளிகள், அவற்றுக்கிடையே அம்புகள், கீழே பூஜ்யமும் ஒன்றும் கிரேக்க எழுத்தும் நிறைந்த கட்டங்கள். எங்கள் தோட்டத்தில் ஒவ்வொரு ரப்பர்க் காட்டுக்கும் நம்பர் உண்டு. போன வாரம்தான் மூன்றாம் நம்பரில் யாரோ ஒளித்து வைத்த உணவு மூட்டைகளைப் பட்டாளத்துக்காரர்கள் தோண்டி எடுத்தார்கள். ராக்கம்மா வெட்டுவதும் மூன்றாம் நம்பரில். தாளில் அம்பு மூன்றிலிருந்து புறப்படுகிறது.

ஓடிப் போய்ச் சொன்னேன், இது என் கணக்கு என்று. அதற்குள் போலீஸ் ஜீப் கோலா கிளாவாங் ரோட்டில் ஏறிவிட்டது.


பிப்ரவரி 13, புதன்

இன்ஸ்பெக்டர் தங்கராஜு வந்தார். தமிழர், நல்ல மாதிரி, குரலை உயர்த்தவில்லை. தோட்டத்துத் துரையின் அறையில் வைத்து விசாரணை. துரை என் நாணயத்துக்கு உத்தரவாதம் சொல்லிவிட்டு பைப்பைப் பற்றவைத்துக்கொண்டார்.

"இது கணக்குன்னு சொல்றீங்க. சரி. விடை எங்க?"

"விடை இன்னும் யாருக்கும் தெரியாது."

"கணக்கு கொடுத்தவங்களுக்குத் தெரியும்லா?"

"அவர்களுக்கும் தெரியாது."

அவர் பேனாவை மூடி வைத்தார். "மிஸ்டர் சீவரத்தினம், நானும் சீனியர் கேம்பிரிட்ஜ் வரைக்கும் படிச்சவன். விடை தெரியாதவங்க கேட்ட கணக்க, விடை தெரியாத நீங்க நாலு வருஷமா போட்டுக்கிட்டு இருக்கீங்க. இத நான் மேலதிகாரிகிட்ட எப்படி சொல்றது?"

என்னிடம் ஒரு நிரூபணம் இருந்தாலும், இன்னொருவர் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை அது விடை ஆகாது. கூட்டல் கழித்தல் என்றால் விடையைக் காட்டி அவளை மீட்டுவிடலாம். விடை தெரியாத கேள்வியை வைத்துக்கொண்டு என்ன காட்டுவது? சின்னாச்சி தானே வந்து, தாளைக் கொடுத்தது நான்தான் என்றாள். "அப்படின்னா மூணு பேரும் சம்பந்தப்பட்டிருக்கீங்கன்னு எழுதணும்மா" என்றார் அவர். மிரட்டலாகச் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

கடைசியில் ஒரு வழி சொன்னார். எல்லாவற்றையும் ஒழுங்காகப் பிரதி எடுத்துத் தர வேண்டும். சிங்கப்பூரில் பல்கலைக்கழகத்துக்கு அனுப்புவார். இது கணிதம்தான் என்று அங்கே ஒருவர் எழுதித் தந்தால் போதும்.


பிப்ரவரி 16, சனி

பெரட்டில் ராக்கம்மாவின் புருஷன் அர்ச்சுனன் நின்றான். கையில் குழந்தை. ஆயாக் கொட்டகையில் விட்டால் அழுகிறதாம், தாயைத் தேடுகிறது.

"ஐயா, ஊருக்கு அனுப்பிருவாங்கன்னு வேல வாங்குற தண்டல் சொல்றாரு."

"அப்படி ஒன்றும் ஆகாது."

"எந்த ஊருக்குங்கய்யா அனுப்புவாங்க? அவ இங்கனயே பொறந்தவ. அவ ஆத்தாளும் இங்கதான் செத்துச்சு. கப்பல்ல ஏத்தி விட்டா எறங்குற எடத்துல அவளுக்கு யாரு இருக்கா?"

நான் கணக்கை அனுப்புவதைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான்.

"பாஸாயிட்டா விட்டுருவாங்களா?"

விட்டுவிடுவார்கள் என்றேன். வேறு என்ன சொல்ல?


பிப்ரவரி 19, செவ்வாய்

பால் நிறுத்து முடிந்ததும் வீட்டுக்கு வந்து பிரதி எடுக்கிறேன். சின்னாச்சி தாளில் கோடு போட்டுத் தருகிறாள். இருவரும் பேசுவதில்லை. கண் எரிகிறது. ஒரு பூஜ்யம் இடம் மாறினாலும் பக்கம் முழுவதையும் மறுபடி எழுதுகிறேன்.

சரியாக இருக்க வேண்டும். சரியாக இருந்தால்தான் அவள் வெளியே வருவாள். படிக்கிறவர் இரண்டு பக்கத்தில், யாரோ தோட்டத்துக் கிராணியின் உளறல் என்று தூக்கிப் போட்டுவிட்டால்? பித்தன் எழுதியதும் இரகசிய எழுத்தும் போலீஸ்காரருக்கு ஒன்றுதான்.


பிப்ரவரி 21, வியாழன்

கொடுத்துவிட்டேன். பிரதியோடு பழைய தாள்களையும் கேட்டார் இன்ஸ்பெக்டர், எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டார். மேசை வெறுமையாகக் கிடக்கிறது. மூன்றாம் துணைத்தேற்றத்தைப் பிரதி எடுக்கும்போது களைப்பையும் மீறி ஒரு சந்தோஷம் வந்தது, அதை இங்கே மட்டும் எழுதி வைக்கிறேன். ஒரு பெண் அடைபட்டுக் கிடக்கும்போது இது என்ன சந்தோஷம்?

உண்மையைச் சொன்னால், இதைப் படிக்கக்கூடிய ஒருவர் கைக்கு இது போகிறது என்பதே எனக்குப் பெரிது. நானாக அனுப்பியிருக்க மாட்டேன். யுத்தத்தோடு படிப்பை விட்டவன். பட்டம் இல்லை. என்ன என்று சொல்லி அனுப்புவது?


மார்ச் 2, சனி

செய்தி இல்லை. அர்ச்சுனன் கேட்பதை நிறுத்திவிட்டான். பெரட்டில் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தானே வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறான்.


மார்ச் 9, சனி

சின்னாச்சி சிரம்பான் போய் ராக்கம்மாவைப் பார்த்து வந்தாள். எப்படியோ அனுமதி வாங்கியிருக்கிறாள். மெலிந்துபோனாளாம். கேட்ட கேள்வியையே திரும்பத் திரும்பக் கேட்கிறார்களாம், அம்பு எங்கே போகிறது, அம்பு எங்கே போகிறது என்று.

"அவளுக்கு எழுதப் படிக்கவே தெரியாது. அவளிட்டப் போய் உங்கட அம்பைக் கேக்கிறாங்கள்" என்று அழுதாள். பிறகு சொன்னாள், "நான் ஒரு வாழையிலையில சுத்திக் குடுத்திருக்கலாம்."

என்ர பிழையா, அவளின்ர பிழையா? தாளை எறிஞ்சது நான். ஏன் எறிஞ்சனான், கிழிச்சுப் போட்டிருக்கலாமே? கிழிச்சிருந்தா துண்டுக் கடதாசி எண்டு இன்னும் சந்தேகப்பட்டிருப்பாங்கள். ஒண்டும் விளங்கேல்ல. தலையிடி.

ஆகஸ்டில் மலாயாவுக்குச் சுதந்திரமாம். ஆபீசில் எல்லோரும் அதைப் பற்றித்தான் பேசுகிறார்கள்.


மார்ச் 14, வியாழன்

இன்ஸ்பெக்டர் வந்தார். இந்தமுறை துரையின் அறைக்குப் போகவில்லை. நேரே என் மேசைக்கு வந்து எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சிங்கப்பூர்லருந்து பதில் வந்திருச்சு. அந்த லெக்சரர் வரி வரியா படிச்சிருக்காரு. ஆறு பக்கம் எழுதியிருக்காரு."

ஆறு பக்கம். எழுதிக்கொண்டிருந்த பேரேட்டை மூடி வைத்தேன்.

"தப்புன்னு சொல்லிட்டாரு."

எந்த இடத்தில் என்று கேட்டேன்.

"மூணாவது லெம்மாவாம். ஒட்டுற வழி எண்ணி முடிக்கலாம்னு நீங்க சொல்றீங்களாம், முடியாதாம். ஒரு உதாரணம் கொடுத்திருக்காரு, எனக்குப் புரியல. ரெண்டு புள்ளி, ஒண்ணுலருந்து இன்னொண்ணுக்கு ரெண்டு அம்பு. ஒரு அம்பு மேல ஒண்ணு போடணும். இன்னொரு அம்பு மேல எந்த நம்பர் வேணும்னாலும் போடலாம். நம்பர் மாற மாற துண்டும் வேறயாம், ஆனா ஒட்டுன ரெண்டு சின்னத் துண்டும் அதேதானாம். உங்களுக்குப் புரியுதா?"

புரிந்தது. அவர் சொல்லி முடிக்கும் முன்பே புரிந்தது. இரண்டு புள்ளி, இரண்டு அம்பு. அதைவிட எளிய உதாரணம் உலகத்திலேயே கிடையாது. அளவுக்கு எல்லை உண்டு என்ற நிபந்தனையை நான் அந்த இடத்தில் பயன்படுத்தவே இல்லை. எதைக் காட்ட வந்தேனோ அதையே காட்டிவிட்டதாக எடுத்துக்கொண்டு மேலே போயிருக்கிறேன். நாலு வருஷம் போட்ட கணக்கு; அந்த அரைப் பக்கத்தை எழுதும்போதும் பிரதி எடுக்கும்போதும் ஒரு தரம்கூட இது என் கண்ணில் படவில்லை.

"அப்போது ராக்கம்மா?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "அதான் சொல்ல வந்தேன். இரகசிய எழுத்தா இருந்தா அதுல தப்பு கண்டுபிடிக்க முடியுமா? இது கணக்கு, நேர்மையா போட்ட கணக்கு, ஆனா தப்புன்னு எழுதியிருக்காரு. மேல இருக்குறவங்க அதப் படிச்சிட்டு அவங்களே சொல்லிட்டாங்க, இவ்வளவு வெவரமா தப்புன்னு ஒருத்தர் சொல்றாருன்னா இது கணக்காத்தான் இருக்கணும்னு. சனிக்கிழம விட்டுருவாங்க."

எழுந்தவர் மறுபடி உட்கார்ந்தார். "ஒரு சந்தேகம். இப்ப அந்தக் கேள்விக்கு விடை என்ன?"

"இன்னும் யாருக்கும் தெரியாது."

அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு போனார்.


மார்ச் 15, வெள்ளி

எதையும் எழுதப் பிடிக்கவில்லை.


மார்ச் 16, சனி

மத்தியானம் சிரம்பானிலிருந்து வந்த லாரியில் ராக்கம்மா இறங்கினாள். தொழிலாளர் லயத்துச் சனம் எல்லாம் கேட்டில் கூடிவிட்டது. குழந்தை முதலில் அவளிடம் போகவில்லை. அர்ச்சுனனின் கழுத்தைக் கட்டிக்கொண்டு திரும்பித் திரும்பிப் பார்த்தது. பிறகு போனது.

சாயந்தரம் இருவரும் வீட்டுக்கு வந்தார்கள். சின்னாச்சி ராக்கம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அர்ச்சுனன் வாசலிலேயே நின்றான்.

"இன்ஸ்பெட்டரு சொன்னாருங்கய்யா, நீங்க சரியா போட்டிருந்தா அவங்க நம்பியிருக்க மாட்டாங்களாம். சரியா தப்பான்னு யாராலயும் சொல்லியிருக்க முடியாதாம். இன்னும் எத்தன மாசமோ." கையெடுத்துக் கும்பிட்டான். "நல்ல வேளைங்கய்யா, தப்பா போட்டீங்க."

மனதார, நன்றியோடு சொன்னான். அவனைப் பொறுத்தவரை அதில் ஒரு குறையும் இல்லை. நானும் கும்பிட்டேன். "ஓம், நல்ல வேளை" என்றேன். சொல்லும்போதே கண் நிறைந்துவிட்டது. துண்டால் துடைக்கத் துடைக்க நிற்கவில்லை. ராக்கம்மா பதறிப்போய், "அழாதீங்கய்யா, நான்தான் வந்துட்டேன்ல" என்று என்னைத் தேற்றினாள். சின்னாச்சியும் அழுதாள்.

நான் ராக்கம்மாவுக்காக அழுததாகத்தான் மூன்று பேரும் நினைத்துக்கொண்டார்கள். பாதி அதற்கும்தான்.