மூன்றாம் வகுப்பில் ஒரு காலிக் கட்டம்

அன்பு மகள் லட்ரீசுக்கு, ஒஹாயோவிலிருந்து அப்பா சொல்லச் சொல்ல எழுதியது. ஆண்டவர் புண்ணியத்தில் இடது முழங்காலைத் தவிர இங்கே எல்லாம் சுகம், நீயும் பேத்தி ஜோசலினும் அந்த ஜெர்மனிக் குளிரில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன். எழுதுவது பக்கத்து வீட்டு ஓபல், நீ படிக்கும்போது பள்ளிச் சமையலறையில் உனக்கு மட்டும் இரண்டாவது தரம் சோளரொட்டி வைப்பாளே, அவளேதான். சொல்வதை அப்படியே எழுது, அழகுபடுத்தாதே என்றேன். "உன் பேச்சுல அழகுபடுத்த என்ன இருக்கு ஐசம், சொல்லித் தொலை" என்கிறாள்.

போன ஞாயிறு நீ போனில் கேட்டதற்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. டிசம்பரில் ராணுவ ஆஸ்பத்திரி வேலை முடிந்து வரும்போது என்னோடு தங்கிப் பிள்ளையை நீ படித்த ஆஸ்ட்லர் சாலைப் பள்ளியிலேயே நாலாம் வகுப்பில் சேர்ப்பதா, இல்லை நாற்பது நிமிஷம் தள்ளிப் பெரிய வீட்டுக்காரர்கள் ஊரில் வாடகைக்குப் போவதா என்று கேட்டாய். கம்ப்யூட்டரில் நம் பள்ளிக்குப் பத்துக்கு நாலுதான் போட்டிருக்கிறது, அந்த ஊருக்கு ஒன்பது என்றும் சொன்னாய். போனில் உன் குரலைக் கேட்டால் எனக்கு நல்லது மட்டும்தான் வாயில் வரும், அதனால் விசாரித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். முப்பது வருஷம் அந்தப் பள்ளியின் தரையைத் துடைத்தவன், பதினோரு வருஷமாக அதன் முனையில் நிறுத்துப் பலகை பிடித்துப் பிள்ளைகளைச் சாலை கடத்தி விடுகிறவன், எனக்கே அந்த நாலுக்குள் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை பார்.

பள்ளிக்கூட வாரியம் வருஷா வருஷம் அச்சடிக்கிற தாளை ஓபல் வாங்கி வந்து வாசித்தாள். பிள்ளைகளை அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி பிரித்து வைத்திருக்கிறார்கள், வெள்ளைக்காரர் இத்தனை, ஸ்பானிஷ் பேசுகிறவர் இத்தனை, இலவசச் சாப்பாடு வாங்குகிறவர் இத்தனை, ஒவ்வொருவருக்கும் எதிரில் வாசிப்பு, கணக்கு. நீ படித்தபோது உன் வகுப்பில் நம் கறுப்பு ஜனம் நீயும் பெட்டிஃபர்டு வீட்டுப் பையனும்தான், இப்போது பாதி வகுப்பு வேறு வேறு நிறம். மூன்றாம் வகுப்புப் பக்கத்தில் ஓபல் கறுப்பர் என்று வாசித்துவிட்டு நிறுத்தினாள், நானும் எட்டிப் பார்த்தேன், எழுத்துத் தெரியாவிட்டாலும் கட்டம் காலியாக இருப்பது தெரியாதா. எனக்கு ரத்தம் கொதித்தது. ஏன் என்று உனக்கு நான் சொன்னதில்லை. நான் சின்னப் பையனாகத் தெற்கே ஆர்கன்சாவில் இருந்தபோது, பருத்தி எடுக்கிற மாதங்களில் எங்கள் பள்ளியை இழுத்துப் பூட்டிவிடுவார்கள், ஆனால் மேலே போகும் பதிவேட்டில் நாங்கள் எல்லோரும் வந்ததாக இருக்கும். என் பெயருக்கு நேரே நூற்றுக்கு நூறு வருகை என்று பிற்பாடு வாத்தியாரம்மாவே சொன்னாள், நான் அப்போது என்னைவிட நீளமான பருத்திச் சாக்கை இழுத்துக்கொண்டு வயலில் இருந்தேன். அங்கே பிள்ளை இல்லாமல் எண்ணை எழுதினார்கள், இங்கே என் கண் முன்னால் பிள்ளைகள் தினமும் சாலை கடக்கிறார்கள், எண்ணைக் காணோம்.

மறுநாள் பலகையோடு நேரே தலைமை ஆசிரியை ஹேவர்காம்ப் அறைக்குப் போனேன். எங்க பிள்ளைகளுக்குப் பரீட்சையே வைக்கலையாம்மா என்று கேட்டேன். அந்த அம்மாள் நாற்காலியை இழுத்துப் போட்டாள். "வச்சோம் மிஸ்டர் டாலிவர். பத்துப் பேருக்குக் கீழ இருந்தா நம்பரை வெளியிடக் கூடாது. எந்தப் பிள்ளை எவ்வளவு வாங்குச்சுன்னு ஊரே கண்டுபிடிச்சிடும்ல" என்றாள். எத்தனை பேர் என்றேன், அதையும் சொல்லக் கூடாதாம். சரிதான் என்று வந்துவிட்டேன். ஒன்பது பேர், எனக்கா தெரியாது, ஒவ்வொன்றின் செருப்பும் தெரியும்.

வீட்டுக்குத் தனித்தனியாகத் தாள் வந்திருக்குமே என்று முனையில் பெற்றவர்களிடம் விசாரிக்க ஆரம்பித்தேன். ஆறு பேர் சொன்னார்கள், வாசிப்பில் நாலு பேர் தேறியிருக்கிறார்கள், கணக்கில் இரண்டே பேர். ஏழாவதாக ஒரு தாயிடம் கேட்டேன், பிள்ளை பக்கத்தில் நின்று செருப்பு நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தது. "மிஸ்டர் ஐசம், நல்லா இருந்தா நானே சொல்லியிருக்க மாட்டேனா" என்றாள். கட்டம் ஏன் காலி என்று அங்கேதான் புரிந்தது. மீதி இரண்டு பேரை நான் கேட்கவில்லை.

ஆனால் கணக்கு ஏன் அப்படி என்று விடவில்லை. போன வருஷம் அக்டோபரில் அந்த வகுப்புக் கணக்கு ஆசிரியை வேலையை விட்டுப் போனாள், அதற்குப் பிறகு பள்ளி வருஷம் முடிகிற வரைக்கும் ஐந்து புது முகங்களை நான் சாலை கடத்திவிட்டேன், ஒருத்தரும் நிலைக்கவில்லை. எல்லாப் பிரிவும் சேர்த்து அறுபத்தொரு பிள்ளைகளில் பதினான்கு பேர் கிறிஸ்துமசுக்குப் பிறகு வந்து சேர்ந்தவர்கள், அதில் நேபாளி பேசுகிற அகதிப் பிள்ளைகள் வேறு, அவர்கள் இன்னும் இங்கிலீஷில் பெயரை எழுதப் பழகிக்கொண்டிருக்கிறார்கள். ஆக அந்த நாலு பொய் இல்லை மகளே, ஆனால் முழு உண்மையும் இல்லை. அதே பிள்ளைகள் இப்போது நாலாம் வகுப்பில் இருக்கிறார்கள். கணக்குக்குப் புதிதாக ஒரு பெண் வந்திருக்கிறாள், ஆகஸ்டிலிருந்து தினமும் ஏழு இருபதுக்கு என் முனையைக் கடக்கிறாள், மழையிலும் தவறவில்லை. சாயங்காலம் எத்தனை மணிக்குத் திரும்புகிறாள் என்று பார்க்க ஒருநாள் பலகையோடு காத்திருந்தேன், ஐந்தேகால்.

ஜோசலின் வந்தால் பத்தாவது பிள்ளை. வருகிற தாளில் கட்டம் நிரம்பிவிடும், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அது நல்லதா என்று கேட்டால் எனக்குத் தெரியவில்லை. கட்டத்துக்காக நீ வராதே, எனக்காகவும் வராதே, நான் இத்தனை வருஷம் தனியாகத்தானே சமைத்துச் சாப்பிடுகிறேன். பிள்ளைக்கு எது நல்லதோ அதைப் பார். வாடகை வீட்டுக்குக் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு நாள் வந்து அந்த வகுப்பில் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போ, அவ்வளவுதான் கேட்கிறேன். அங்கே குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வெளியே போ, குழந்தைக்கும் சொல். கர்த்தர் உங்கள் இருவரின் காலடியையும் காப்பாராக.

இப்படிக்கு,
உன் அப்பா ஐசம் டாலிவர்
(அவர் கையால் போட்ட குறி) X

லட்ரீஸ், இது ஓபல். இதை அவர் சொல்லவில்லை, எழுதியதும் அவருக்குத் தெரியாது. உன் பழைய அறைக்கு மஞ்சள் பெயிண்ட் அடித்து முடித்துவிட்டார். கட்டிலை நேற்று நானும் சேர்ந்துதான் மாடிக்குத் தூக்கினேன், சின்னக் கட்டில்.