கடலைத் தொலைத்த தீவு

அன்பு மிட்சுயே,

அகிதாவில் பனி கொட்டத் தொடங்கியிருக்கும். உன் இருமல் நின்றதா? அம்மாவின் முட்டி வலி எப்படி இருக்கிறது? நாகசாகி எனக்கு ஒத்துக்கொண்டது. கணுக்கால் மட்டும் கொஞ்சம் வீங்கியிருக்கிறது.

ஞாயிறன்று கப்பல் கட்டும் தளத்துக்கு விடுமுறை என்பதால் டெஜிமாவுக்குப் போனேன். அந்தக் காலத்தில் டச்சு வியாபாரிகளை வெளியே விடாமல் வைத்திருந்த தீவு. அவர்களின் வீடுகளை இப்போது பழையபடியே கட்டியிருக்கிறார்கள். ஆனால் பக்கத்தில் டிராம் ஓடுகிறது.

"தீவுன்னாங்க, கடலைக் காணோமே?" என்று சுற்றிக் காட்டிய தொகுனாகா அம்மாளிடம் கேட்டேன்.

"மண்ணைக் கொட்டி மூடி நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. நீங்க ரொம்ப லேட்டு!" என்றார்.

சிரித்துக்கொண்டே ஒரு வீட்டின் மாடிக்கு ஏறியதில் படியில் சறுக்கிவிட்டேன். கவலைப்படாதே, கட்டுப் போட்டாயிற்று.

மாடியில் நீளமான சாப்பாட்டு மேசை, தொப்பிகள், புகைக்குழாய்கள். பெண்களுடைய பொருள் ஒன்றுகூட இல்லை.

"இவங்க வீட்டுக்காரிங்க எங்க தங்கினாங்க?"

"கூட்டிட்டு வரவே விடலையே! ஒருத்தி கைக்குழந்தையோட கப்பல்ல வந்தா. அவளையும் திருப்பி அனுப்பிட்டாங்க, பாவம்."



தளத்தில் என்னை இன்னும் இரண்டு வருடம் இருக்கச் சொல்கிறார்கள். பதில் சொல்லவில்லை. வா என்றால் நீ "பார்க்கலாம்" என்கிறாய். முள்ளங்கி ஊறுகாய் தீர்ந்துவிட்டது. தபாலில் அனுப்பாதே. நம் குழந்தை ஹினானோவைக் கூட்டிக்கொண்டு நீயே எடுத்து வா. உங்களை இங்கே யாரும் திருப்பி அனுப்ப மாட்டார்கள்.

வேலைக்குப் போகும் பஸ் வந்துவிட்டது, முடிக்கிறேன்.

குனியாகி