சிவப்புக் கிட்டாரில் ஏழு குறைகள்

நவ. 4, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். ரோடு முழுக்கச் சுண்ணாம்புச் சேறு. நான் வேலை பார்க்கும் எடை மேடையில் லாரியோடு சேற்றையும் சேர்த்துத்தான் எடை போடுகிறேன். ஒரு டிரைவர்: "சார், மழத்தண்ணிய கழிச்சிட்டு சீட்டு போடுங்க." எப்படிக் கழிப்பது, பிழிந்தா? மழைக்கு இடது கை மோதிர விரல் வேறு மடங்க மாட்டேன் என்கிறது. லாரிக் கதவில் நசுங்கி ஆறு வருஷம். ஈரம் பட்டால் இன்னும் அடம்.

2.40க்கு வீட்டிலிருந்து மலர் போன். "ஏங்க, ஒங்க பொட்டி வந்துருச்சு. ஆள் ஒசரம் இருக்கு."

ஷிப்ட் முடிந்து ஓடி வந்து கத்திரிக்கோலை எடுத்தால் பிடுங்கிக்கொண்டாள். செவ்வாய்க்கிழமை புதுப் பொருளைப் பிரிக்கக் கூடாதாம். "நாளைக்கி புதங்கெழம பிரிங்க. ஒரு நாள்ல என்ன ஊசியா போயிரும்?" ஊசிப் போகாது. ஆனால் பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்பப் பத்து நாள்தான். அதில் ஒரு நாள் சும்மா போச்சு.

நாற்பத்தேழு வயதில் எதற்கு எலக்ட்ரிக் கிட்டார் என்று பின்னால் நானே கேட்பேன். எழுதி வைக்கிறேன். பெரம்பலூர் தனபால் மாஸ்டரின் மெல்லிசைக் குழுவில் கிட்டார் வாசித்தவன் நான். கிட்டார் குழுவுடையது, கை என்னுடையது. கல்யாணம், ஷிப்ட் வேலை என்று விட்டுப் பத்தொன்பது வருஷம். இப்போது அவருடைய கிட்டார்க்காரர் வெளிநாடு போய்விட்டார். போன வாரம் மாஸ்டர் போன் செய்தார். "16ந்தேதி ரஞ்சன்குடிகிட்ட ஒரு ரிசப்ஷன். ஒம்போதாந் தேதி ரிகர்சலுக்கு வா. சொந்தமா கிட்டார் கொண்டா. கை வந்தா மேடை ஒனக்கு. வரலன்னா சேலத்துல ஆள் இருக்கான்."

எனக்கு அந்த மேடை வேண்டும். அவ்வளவுதான்.

நவ. 5, புதன்

வெயில் எட்டிப் பார்த்தது. பெட்டி பிரித்தாச்சு. சிவப்பு, ஓரம் கறுப்பு. கூடவே குட்டி ஸ்பீக்கர், வயர், பை.

எடை: எங்கள் எடை மேடை இருபது கிலோவுக்குக் கீழே காட்டாது. எதிர் மளிகைக் கடைத் தராசில் வைத்தேன். 3 கிலோ 600. கடைக்காரர்: "என்னாண்ணே, கிலோ எவ்வளவுன்னு விக்கப் போறீங்களா?"

மலிவு விலையில் வாங்கியது. மலிவு என்று முகத்திலேயே எழுதியிருக்கிறது. குறைகள்:

1. கம்பி உயரம். கழுத்தின் பன்னிரண்டாம் கட்டத்தில் கம்பிக்குக் கீழே ஐந்து ரூபாய்க் காசு நுழைந்து இன்னும் இடம் இருக்கிறது.
2. கழுத்தில் குறுக்கே பதித்த ஃபிரெட் பட்டைகளின் ஓரம் ரம்பம். கை ஓட்டினால் தோலைக் கிழிக்கிறது.
3. சுருதி நிற்கவில்லை. சேர்த்துவிட்டுத் தண்ணீர் குடித்து வருவதற்குள் இறங்கியாச்சு.
4. ஸ்பீக்கரில் ஓயாத 'உம்ம்ம்'. கம்பியைத் தொட்டால் குறைகிறது, விட்டால் மறுபடி.
5. பை ஜிப் பாதியில் நிற்கிறது.
6. எஃப் கார்டு, ஆறு கம்பியும் சேர்ந்து ஒலிக்க வேண்டிய பிடி. ஆள்காட்டி விரலால் ஆறு கம்பியையும் அழுத்தி, மற்ற மூன்று விரலையும் மேலே வைக்க வேண்டும். வைத்தால் நாலாம் கம்பியும் ஐந்தாம் கம்பியும் செத்த சத்தம். கழுத்து கோணலாக இருக்கும். சந்தேகமே இல்லை.

மலர் எட்டிப் பார்த்தாள். "நல்லாத்தான இருக்கு?" கலரைச் சொல்கிறாள்.

நவ. 6, வியாழன்

பெட்டிக்குள் சின்னக் கவரில் எல் வடிவத்தில் ஒரு சாவி. நேற்று குப்பையென்று போட்டது, மலர் எடுத்து வைத்திருந்தாள். அதைத் திருகினால் கம்பி இறங்குகிறது! பட்டியலில் குறை 1 அடிக்கப்பட்டது. எரிச்சலாக இருக்கிறது. குறை என்று எழுதினால் குறையாக இருக்க வேண்டாமா?

சுருதியும் அப்படியே. புதுக் கம்பி, இழுத்து இழுத்து விட்டால்தான் நிற்கும். இதைக்கூட மறந்திருக்கிறேன். குறை 3 அடிக்கப்பட்டது.

எஃப் வரவில்லை. நாற்பது தடவை. விரலில் கம்பி அச்சு.

ரேஷன். கேஸ் புக் பண்ண வேண்டும்.

நவ. 7, வெள்ளி

இன்று நடந்ததை எழுதவே கை கூசுகிறது.

நான் வேலைக்குப் போனதும் மலர் கிட்டாருக்குப் பூஜை போட்டிருக்கிறாள். நம் பைக்குக்கு எப்படிச் செய்வாளோ அப்படியே. கம்பிக்குக் கீழே வரிசையாக ஆறு இரும்புப் புள்ளி இருக்கும், சத்தத்தைப் பிடிப்பது அதுதான். ஆறுக்கும் சந்தனம், ஆறுக்கும் குங்குமம். குமிழ்களுக்குப் பொட்டு. தலையில் முழம் மல்லிகை. கீழே எலுமிச்சம்பழம்.

"யார் கேட்டது ஒன்ன?"

"புதுசா ஒரு பொருள் வந்தா பொட்டு வெக்காம என்ன பண்ணுவாங்க? ஒங்களுக்கு நல்லது நடக்கணும்னுதான வெச்சேன்."

பல் தேய்க்கும் பிரஷ்ஷால் ஒரு மணி நேரம் துடைத்தேன். பிறகு வயரைச் சொருகி வாசித்தால் கரகரவென்று ஒரு சத்தம். வயர் அசையும்போதெல்லாம் வெடிக்கிறது. மூன்றே நாளில் உள்ளே எதுவோ விட்டுப்போய்விட்டது. மலிவுச் சரக்கு.

குறை 7: கரகரப்பு. பெரிய குறை. இது ஒன்று போதும். திருப்பி அனுப்பப் போகிறேன் என்றேன். மலர் முகம் சுருங்கிவிட்டது.

"பொட்டு வெச்ச பொருளத் திருப்பி அனுப்பக் கூடாதுங்க."

"கம்பெனிக்காரன்ட்ட அதப் போய் சொல்லு."

சாப்பாடு மேஜை மேல் மூடி வைத்திருந்தது. 

நவ. 8, சனி

ரிட்டர்ன் போட்டுவிட்டேன். காரணம் என்று ஒரு பட்டியல் வந்தது. 'பொருளில் குறை' தொட்டேன். 14ந்தேதி எடுக்க வருவார்கள். அதற்குள் நாளை ரிகர்சல், வேறு கிட்டாருக்கு எங்கே போவது? இதையேதான் தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

மலர், இட்லி வைத்துவிட்டு: "கேன்சல் பண்ணிருங்க." சட்னி கேட்டேன்.

நவ. 9, ஞாயிறு

7.15 பஸ். ஜிப் போடாத பையை மடியில் வைத்துப் பெரம்பலூர் வரை. பக்கத்தில் ஒரு பெரியவர்: "மண்வெட்டியா தம்பி?"

மாஸ்டர் வீட்டுக்குப் பின்னால் ஷெட். கீபோர்டு, தபலா, டிரம்ஸ், பாடகி ஒருத்தர். மாஸ்டருக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது, குரல் அப்படியே. "வாய்யா வா. ஒக்காரு." அந்த ஒரு வார்த்தைக்குக் கண் கலங்கியது. மறைத்துக்கொண்டு வயரைச் சொருகினேன்.

கரகர. கரகர. முதல் பாட்டு பல்லவி முடிவதற்குள் பாடகி நிறுத்திவிட்டார். மாஸ்டர்: "என்னய்யா இது, எண்ணெயில கடுகு போட்டாப்புல?"

"கிட்டார் சரியில்ல மாஸ்டர். திருப்பி அனுப்பறேன்."

"வேற வர்றதுக்குள்ள ரிசப்ஷன் வந்துருமேய்யா. மைக் செட் காதர் பாய்ட்ட காட்டு."

யாருக்கும் சொல்லாததை இங்கே எழுதுகிறேன். கரகரப்பு வந்தபோது எனக்குக் கோபம் வரவில்லை, நிம்மதியாக இருந்தது. அந்தப் பாட்டில் எஃப் நாலு இடத்தில் வரும். கரகரப்பில் ஒருத்தருக்கும் கேட்டிருக்காது.

நவ. 10, திங்கள்

மழை. இரண்டு ஷிப்ட். எடை மேடைத் திரை செத்து ஒரு மணி நேரம் லாரி வரிசை. வசவு வாங்கியது நான்.

உப்புத்தாள் வாங்கி ஃபிரெட் ஓரம் முழுக்கத் தேய்த்தேன். வழவழ. குறை 2 அடி. திருப்பி அனுப்பும் பொருளுக்கு எதற்கு இந்தச் சேவை?

நவ. 11, செவ்வாய்

முதல் ஷிப்ட் முடித்துப் பெரம்பலூர். காதர் பாய் மைக் செட் கடை. நான் குழுவில் இருந்தபோது எங்களுக்கு மைக் செட் அவருடையதுதான். அப்போது ஒல்லி. இப்போது கண்ணாடி, தொப்பை. கேட்டதும் சொன்னார்: "இன்ஷா அல்லா, சாயங்காலத்துக்குள்ள பாத்துருவோம்."

வயர் சொருகும் ஓட்டையைத் திருகிக் கழற்றினார். பஞ்சு சுற்றிய குச்சியை உள்ளே விட்டு எடுத்தார். நுனியில் மஞ்சளாக ஏதோ. மூக்கருகே கொண்டுபோனார். என்னைப் பார்த்தார். பிறகு என் மூக்கருகே நீட்டினார்.

"மோந்து பாருங்க. நம்ம கடையில அத்தர் வாசம்தான் வரும். இது சந்தனமால்ல இருக்கு?"

சந்தனம்தான். அந்த ஓட்டையை வண்டிச் சாவித் துவாரம் என்று நினைத்து அதற்கும் பொட்டு வைத்திருக்கிறாள் மலர். முன்பக்கத்தையெல்லாம் துடைத்த நான் பக்கவாட்டில் பார்க்கவே இல்லை. பாய் சிரித்த சிரிப்பில் அடுத்த கடை ஆள் வந்து என்னவென்று விசாரித்துவிட்டுப் போனார். துடைத்துச் சொருகினால் ஒரு கரகரப்பு இல்லை. பால் போலச் சுத்தம். குறை 7 காலி.

ஸ்பீக்கரின் 'உம்ம்ம்' இரைச்சலையும் சொன்னேன்.

"கம்பியத் தொட்டா கொறையுதுல்ல? வூட்டுல எர்த்து புடிக்கல. எர்த்து கம்பி பொதைச்ச குழிக்குத் தண்ணி ஊத்தி எத்தன நாளாச்சு?"

"மழதான் பெய்யுதே பாய்."

"குழி எங்க இருக்கு?"

பின்பக்கம், வாஷிங் மெஷினுக்குப் போட்ட தகரக் கூரைக்குக் கீழே. மழை படாது. 

இனி கிட்டாரில் எஃப் ஒன்றுதான் பாக்கி. கழுத்து கோணல், பாருங்கள் என்றேன். பாய்க்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் பொறுமை உண்டு. ஒற்றை விரலால் ஆறு கம்பியையும் ஒவ்வொரு கட்டமாக அழுத்தித் தட்டினார். ஒன்று விடாமல். எல்லாம் கணீர்.

"இப்ப நீங்க புடிங்க."

பிடித்தேன். நாலும் ஐந்தும் செத்த சத்தம். என் மோதிர விரல் கம்பி மேல் படுத்துக் கிடந்தது, மடங்கி நிற்கவில்லை. பாயும் அதைத்தான் பார்த்தார்.  "ரெண்டு டீ சொல்லுப்பா" என்று எதிர்க் கடைக்குக் குரல் கொடுத்தார். அவர் ஏதாவது சொல்லியிருக்கலாம்.

நவ. 12, புதன்

எர்த் குழியில் உப்புப் போட்டு நாலு வாளி தண்ணீர். இரைச்சல் பாதிக்கு மேல் போய்விட்டது. குறை 4 அடி.

மலரிடம் சந்தன விஷயத்தைக் கத்தியே சொன்னேன். அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை, எனக்குக் கோபம் தாங்கவில்லை. பிறகு பையை எடுத்து ஜிப்பில் மெழுகுவத்தியைத் தேய்த்தாள். கடைசி வரை ஓடுகிறது. குறை 5 அடி.

பட்டியலில் மிச்சம் ஒன்று. கிட்டாரில் இல்லாத குறை.

ஒரு வாரமாக நான் இந்தக் கிட்டாரைத் திட்டியது கொஞ்சமா? தினம் இத்தனை லாரியை எடை போடுகிறேன். என் கையை ஒரு தடவை எடை போட்டுப் பார்க்கவில்லை.

நவ. 13, வியாழன்

மாஸ்டருக்குப் போன் செய்தேன். இரண்டு தடவை வைத்துவிட்டு மூன்றாவது தடவை பேசினேன்.

"கிட்டார் சரியாயிருச்சு மாஸ்டர். கைதான் வரல. எஃப் புடிக்க முடியல."

 "தெரியும்யா. ஞாயித்துக்கெழமையே வெரலப் பாத்தேன். நீயா சொல்லட்டும்னு இருந்தேன்." பிறகு: "சேலத்துக்காரனுக்குச் சொல்லிட்டேன். ஆனா அவனோடது இப்ப ரிப்பேர்ல கெடக்காம். ஒன்னோடத ஒரு நாளைக்குக் கொண்டாயேன்?"

அவருக்குக் கூச்சமே கிடையாது.  போனை வைத்துவிட்டு வாசலில் நின்றேன். பிறகு நானே கூப்பிட்டுச் சரி என்றேன்.

மலரிடம் சொன்னதும் அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "நானும் வரேன்."

நவ. 14, வெள்ளி

கடைசி நாள். 11 மணிக்கு ரிட்டர்ன் எடுக்க ஆள் வந்தார். மழைக்கோட்டோடு வாசலில்.

"பொருள்ல குறைன்னு போட்டிருக்கீங்க சார். என்னா குறை?"

"ஒண்ணும் இல்லங்க."

"ஒண்ணும் இல்லியா? அப்ப எதுக்கு சார் இந்த மழயில என்னய வரச் சொன்னீங்க?"

நியாயமான கேள்வி. கேன்சல் செய்தேன். மலர் உள்ளேயிருந்து அவருக்கு மோர் கொண்டுவந்தாள், இவ்வளவு பெரிய டம்ளரில்.

கொஞ்ச நேரத்தில் மதிப்பெண் கேட்டு மெசேஜ். ஐந்து நட்சத்திரத்துக்கு நாலு போட்டேன். ஜிப்புக்கு ஒன்று பிடித்தம்.

நவ. 17, திங்கள்

நேற்று ரிசப்ஷன். மழை இல்லை. சேலத்துக்காரருக்கு முப்பது வயது இருக்கும். என் கிட்டாரை மாட்டிக்கொண்டு ஒரு தடவை சுருதி பார்த்தார், அவ்வளவுதான். எஃப் பிடித்தார். ஆறு கம்பியும் பேசின. மேடைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு நானும் மலரும். பொறாமை. இல்லையென்று எழுத மாட்டேன். நடுவில் ஒரு பாட்டில் மட்டும் என் கிட்டார் என்ற சந்தோஷமும் வந்தது. அடுத்த பாட்டில் போய்விட்டது.

முடிந்ததும் பையில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார்.

"இந்த வெலைக்கு இப்புடி ஒரு கிட்டார் வராதுண்ணே. ஃபிரெட் ஓரமெல்லாம் யாரு தேச்சது?"

"நாந்தான்."

"கம்பியும் நல்லாப் பழகியிருக்கு. தெனம் வாசிப்பீங்களோ?"

"தெனமும்" என்றேன். மலர் என்னைப் பார்த்தாள். பன்னிரண்டு நாளாகத் தினமும்தானே?

இன்று இரண்டாம் ஷிப்ட். காலையில் எர்த் குழிக்கு இரண்டு வாளி. பிறகு நாற்பது நிமிஷம் எஃப். நாலாம் கம்பி பேசியது. ஐந்தாம் கம்பி இன்னும் இல்லை.