அந்த ஒரு வரிக்கு இறக்கிய வால்யூம்

பாட்டுக்கார அத்தானுக்கு,

முதலில் நீங்கள் சிரிக்க ஒரு சேதி. முப்பது வருஷம் மைக் செட் கட்டிய உங்கள் மச்சினன் நான், போன மாதம் ஒரு மைக்கின் முன்னால் உட்கார்ந்து கால் மணி நேரம் பேசினேன். ஒரு சொல்லும் உருப்படியாகப் பதிவாகவில்லை. அது பக்கவாட்டில் பேச வேண்டிய மைக்காம். நானோ பழைய வழக்கப்படி அதன் உச்சந்தலையில் இரண்டு தட்டு தட்டி, ஊதிப் பார்த்து, 'ஹலோ, ஹலோ' சொல்லி, குனிந்து குனிந்து அதன் மண்டைக்குள்ளேயே பேசியிருக்கிறேன். போன் பேச வெளியே போயிருந்த என் மகள் அஞ்சனா திரும்பி வந்து கேட்டுவிட்டு, "அப்பா, நீங்க மைக் செட் வச்சிருந்தது உள்ளதுதானா? கிணத்துக்குள்ள விழுந்த ஆள் மாதிரி இருக்கு" என்றாள்.

அவள் ஒரு பாட்காஸ்ட் நடத்துகிறாள், அத்தான். ரேடியோ மாதிரிதான். ஆனால் நேரம் காலம் கிடையாது, பஸ்ஸில் போகும்போதும் கேட்கலாம். நீங்கள் இருந்தபோதே இதெல்லாம் வந்துவிட்டது, நாம் இரண்டு பேரும்தான் கவனிக்கவில்லை. இந்த ஊர்க் கானமேளா மேடைகளில் சினிமாப் பாட்டும் பக்திப் பாட்டும் பாடியவர்களையும் வாசித்தவர்களையும் தேடிப் பிடித்துப் பேச வைப்பது அவள் வேலை. பாதி மலையாளம், பாதி நம் தமிழ். பத்தாம் வகுப்பை இரண்டாம் தடவையில் தாண்டிய என்னையும் 'விருந்தினர்' என்று அழைத்து உட்கார வைத்தாள்.

அதற்கு முன்பே நான் சினிமாக்காரன் ஆகிவிட்டேன். அவளுடைய கூட்டுக்காரர்கள் எடுத்த ஒரு குறும்படத்தில் நடித்தேன். பிணமாக. மூக்கில் ஈ உட்கார்ந்தும் அசையவில்லை, ஆனால் வயிறு ஏறி இறங்குவதை மறைக்க ஒரு போர்வை போட வேண்டியதாயிற்று. அக்கா அதைப் போனில் பார்த்துவிட்டு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் கூப்பிட்டு, "நல்லாத்தான் செத்திருக்க" என்றாள். எனக்குக் கிடைத்த ஒரே விமர்சனம் அதுதான்.

பழவங்காடியில் இப்போது இயர்போனும் சார்ஜரும் விற்கிற கடை வைத்திருக்கிறேன். சவுண்ட் பாக்ஸ் எல்லாம் கொடுத்தாயிற்று. வருத்தமா என்று கேட்பீர்கள். இல்லை, அத்தான். புதுசு நல்லாத்தான் இருக்கிறது. இப்போது லாரி நிறையப் பெட்டி ஏற்ற வேண்டாம், மழைக்குத் தார்ப்பாய் தேட வேண்டாம், இடுப்பும் பிழைத்துக்கொள்ளும்.

அஞ்சனாவோடு ஒரு மைதானத்துக்குப் போய் ஒரு பேண்டின் பாட்டை நேரில் கேட்டேன். சவுண்ட் பார்ப்பவர் எங்கே என்று மேடையின் ஓரத்தில் தேடினேன். அங்கே யாரும் இல்லை. ஒரு பெண் கையில் டேப்லெட்டை வைத்துக்கொண்டு கூட்டத்துக்குள் நடந்துகொண்டிருந்தாள். அவள்தான் ஆள். கடைசி வரிசையில் நிற்பாள், கேட்பாள், விரலால் ஒன்றை ஏற்றுவாள், மறுபடி நடப்பாள். நானும் அவள் பின்னாலேயே நடந்து, ஏன் ஒரு இடத்தில் உட்காரவில்லை என்று கேட்டேன். கேட்கிற ஆள் நிற்கிற இடத்தில் நின்று கேட்டால்தானே சேட்டா தெரியும் என்று மலையாளத்தில் சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அந்தப் பதில் என்னை எங்கேயோ குத்தியது. நான் முப்பது வருஷம் மேடைக்குப் பின்னால் உட்கார்ந்தவன். எதற்குக் குத்தியது என்று உங்கள் பழைய கேசட் ஒன்று கிடைத்த பிறகுதான் புரிந்தது.

வித்துரா பக்கம் அந்தக் கோயில் திருவிழாவை மறந்திருக்க மாட்டீர்கள். பொன்முடி மலையிலிருந்து இறங்கிய குளிர், உங்களுக்குத் தொண்டைக்கட்டு வேறு. அந்தப் பக்திப் பாட்டின் கடைசிச் சரணத்தில் மேலே ஏறும் வரியில் குரல் உடைந்தது. கூட்டம் கேலியாகக் கூவித் தீர்த்தது. அதற்கப்புறம் எந்த மேடையிலும் அந்த வரி வரும்போது உங்கள் மைக்கின் வால்யூமை இறக்கிவிட்டு, கீபோர்டையும் எக்கோவையும் ஏற்றிவிடுவேன். வரி முடிந்ததும் பழையபடி வைப்பேன். மேடையில் நிற்கிற உங்களுக்கு அது தெரியாது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அக்காவுக்குத் தெரிந்தது. அந்த எடத்துல மட்டும் உங்க குரல் கேக்கல்லியே என்று உங்களிடம் அவள் சொன்னதும் எனக்குத் தெரியும்.

அடுத்த வருஷமும் அதே கோயிலில் பாடினீர்கள். மிக்சரிலிருந்து நான் பதிவு செய்த கேசட்டை வாங்கிப் போட்டுக் கேட்டீர்கள். அந்த வரியில் உங்கள் குரலே கேட்கவில்லை. என்னிடம் நீங்கள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "அந்த எடம் எனக்கு எட்டல்ல, மக்கா. தொண்டை போச்சு." பாட்டை வேறொருவருக்கு விட்டுக்கொடுத்தீர்கள். அடுத்த வருஷம் மேடையையே விட்டீர்கள்.

நான் வாயைத் திறக்கவில்லை. நீங்கள் சொன்னது சரியாக இருக்கும் என்றே நினைத்தேன். சரியா தப்பா என்று எனக்கு எப்படித் தெரியும்? வால்யூமை இறக்கியவனுக்கும் அந்த வரி கேட்டதே இல்லையே.

அந்தக் கேசட்டை அக்கா அலமாரியில் புடவைகளுக்கு அடியில் பத்திரமாக வைத்திருந்தாள். அஞ்சனா வாங்கி வந்து கம்ப்யூட்டரில் ஏற்றினாள். இப்போது ஒரு வித்தை இருக்கிறது, அத்தான். கலந்து கிடக்கும் பாட்டிலிருந்து குரலை வேறாக, வாத்தியத்தை வேறாகப் பிரித்து எடுக்கிறார்கள். நான் முழுசாகவா மூடியிருந்தேன்? அடியில் ஒரு நூல் அளவு விட்டிருந்தேன். அவள் அந்த நூலைப் பிடித்து இழுத்து, ஏற்றி, ஹெட்போனை என் காதில் வைத்தாள்.

எட்டியிருக்கிறது, அத்தான். கொஞ்சமும் இழுக்காமல், பிசிறில்லாமல், போய் நின்ற இடத்தில் நீங்கள் ஒரு மூச்சு கூடுதலாகவே நின்றிருக்கிறீர்கள். நான் மூன்று தடவை கேட்டேன். மிஷின் ஏதாவது சரிசெய்ததா என்று மகளிடம் கேட்டேன். சத்தத்தை ஏற்றினேனே தவிரச் சுருதியைத் தொடவே இல்லை என்றாள்.

போன ஞாயிற்றுக்கிழமை கரமனைக்கு அக்கா வீட்டுக்குப் போனோம். மைக்கை மேசையில் வைத்து, சரியான பக்கத்தை அஞ்சனாவே திருப்பி வைத்தாள். அக்காவுக்கு ஹெட்போன் மாட்டினோம். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். முடிந்ததும் கழற்றாமலே, "இவ்வளவு நல்லாப் பாடியிருக்காவ. பின்னே எதுக்கு நிறுத்தினாவ?" என்றாள்.

சொன்னேன். வால்யூமை இறக்கியதைச் சொன்னேன். எத்தனை மேடையில் என்று கணக்கில்லை என்றும் சொன்னேன். ரெக்கார்டிங் ஓடிக்கொண்டுதான் இருந்தது. நிறுத்தவா என்று அஞ்சனா கண்ணால் கேட்டாள். வேண்டாம் என்று தலையசைத்தேன்.

அக்கா ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு, "அப்பம் சாவுற மட்டும் அவிய தொண்டையையே கொறை சொல்லியிட்டுப் போனாவளே, மக்கா" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். மெதுவாகச் சொன்னாள்.

"மறுபடியும் கூவிருவாங்கன்னு பயந்துட்டேன் அக்கா. அத்தான் மானம் போகக் கூடாதுன்னுதான்" என்றேன்.

அவள் என் கையைப் பிடித்தாள். "போட்டு, விட்டுரு. அவிய மேல உள்ள பிரியத்திலதானே செஞ்ச. இன்னொரு மட்டம் அதை வையி" என்றாள். அஞ்சனா மறுபடி போட்டாள். இந்தத் தடவை அக்கா சிரித்துக்கொண்டே கேட்டாள்.

அத்தான், அந்த நிகழ்ச்சி வருகிற வெள்ளிக்கிழமை வெளியாகிறது. உங்கள் வரி அதில் முழுச் சத்தத்தில் வரும், நான் காவல் இருக்கிறேன், யாரும் கை வைக்க மாட்டார்கள். என்ன பெயர் போடலாம் என்று அஞ்சனா கேட்டாள். உங்கள் பெயரைப் போட்டு 'பாடகர்' என்று போடு, 'முன்னாள்' வேண்டாம் என்றேன்.

இன்னொரு வாக்கும் தருகிறேன். வெள்ளிக்கு முன்னால் நான் தனியாகக் கரமனைக்குப் போவேன். மகள் இல்லாமல், மைக் இல்லாமல். அக்கா என் கையைப் பிடித்தபோது தொண்டை வரை வந்து, நான் வெளியே விடாத ஒன்றை அவளிடம் சொல்லுவேன். அவள் மன்னித்தது வேறு ஆளை. அது நானில்லை என்று அவளுக்குத் தெரிய வேண்டும். உங்களுக்குத்தான் முதலில் சொல்லியாக வேண்டும் என்பதால் இந்தக் கடிதம்.

அன்று வித்துராவில் கூட்டம் உங்களைப் பார்த்துக் கூவவில்லை, அத்தான். மைக் செட்காரனைப் பார்த்துத்தான் கூவினார்கள். எந்த மேடையில் எது கெட்டாலும் திட்டு வாங்குகிறவன் அவன்தானே. பெட்டிக்குப் பெட்டி என் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருந்தேன். நான் காப்பாற்றியது அந்தப் பெயரை.

உங்கள் மனைவியின் தம்பி,
வேலப்பன்