கச்சாலுக்கு ஒரு டிக்கெட்

குட்வில் எஸ்டேட், போர்ட் பிளேர்
திங்கட்கிழமை

அன்புள்ள நளினி அப்பாவுக்கு,

வசந்தகுமாரி எழுதுவது. இங்கே எல்லோரும் உடம்புக்குச் சுகம்தான். பாராடாங்கில் அந்த பவர் ஹவுஸ் இரைச்சலுக்கு நடுவே நீங்களும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

கையில் போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். நம் வீட்டில் போன் பேச ஒரு மூலை இல்லை, அதுதான் காரணம். சமையலறையில் அண்ணி, உங்கள் அக்கா, இருக்கிறார். மாடிப்படிக்குப் போனால் பின்னாலேயே வந்து, "யாரு, தம்பியா? குடு புள்ள, நானும் ரெண்டு வார்த்தை பேசிர்றேன்" என்று கையை நீட்டுகிறார். அப்புறம் நான் இட்லி மாவு புளித்துப்போன கதையைத்தான் பேச வேண்டும். அதனால் ஆபீஸில் மதியச் சாப்பாட்டு வேளையில் உட்கார்ந்து எழுதுகிறேன். நாளைக் காலை பஸ்ஸில் வரும் கண்டக்டர் பன்னீர்செல்வம் அண்ணன் உங்கள் கையிலேயே கொடுத்துவிடுவார்.

அண்ணி கச்சால் தீவிலிருந்து கண் ஆபரேஷனுக்கு வந்தது தீபாவளிக்கு முன்னால். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, முருகன் புண்ணியம். இப்போது மாசி முடியப்போகிறது. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். நம் தீவில் மட்டும் அது கப்பல் கிடைக்கும்வரை என்று ஆகிவிட்டது. எப்போது கேட்டாலும், "கப்பல்ல எடம் இல்லியாம் புள்ள" என்கிறார். கடல்மேல் பழியைப் போட்டுவிட்டால் இந்த ஊரில் எதிர்க்கேள்வி ஏது?

உள்ளதைச் சொல்கிறேன், அவர் சும்மா உட்கார்ந்து சாப்பிடுகிறவர் இல்லை. நான் களைத்துப்போய் வந்தால் ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் சூடாக இருக்கும். நளினிக்குத் தலை பின்னிவிடுவது அவர்தான். ஆனால் அவருக்கு "உன்னுடையது, என்னுடையது" என்பதே கிடையாது. என் நைட்டியைப் போட்டுக்கொள்கிறார். என் சீப்பில் அவர் முடி. பீரோவைத் திறந்து என் புடவைகளை அவருக்குப் பிடித்த மாதிரி அடுக்கிவைக்கிறார். குழாயில் தண்ணீர் வருவதே என்றைக்கோ ஒரு நாள். நான் டிரம் டிரம்மாகப் பிடித்துவைத்ததைப் பக்கத்து வீட்டு வங்காளி அம்மாவுக்குப் பக்கெட் பக்கெட்டாக ஊற்றிக் கொடுக்கிறார். ஏன் என்று கேட்டால், "எங்க லயத்துல உப்புக்கும் தண்ணிக்கும் யாரும் கேட்டு நின்னதில்ல, எடுத்துக்குவோம்" என்கிறார். தோட்டத் தொழிலாளிகளுக்கு வரிசையாகக் கட்டிய லயத்து வீடுகளில் நடுச்சுவர் கூரையைத் தொடாது, உண்மைதான். ஆனால் இது குட்வில் எஸ்டேட், பேருக்குத்தான் எஸ்டேட், டவுன் வீடுகள்.

மரியாதையாகச் சொல்லிப் பார்க்காமல் இல்லை. பீரோவைப் பூட்டினேன். அவர் சாவியைத் தேடி எடுத்து, "தொலைஞ்சிரும்னு ஆணியில மாட்டிட்டேன்" என்று எனக்கே உதவி செய்தார். அவருக்கென்று தனிச் சீப்பு வாங்கிக் கொடுத்தேன். அதை வங்காளி அம்மாவின் மகளுக்குக் கொடுத்துவிட்டார். உங்களுக்கு ஊர் ஞாபகம் வரவில்லையா அண்ணி என்று பக்குவமாகக் கேட்டேன். "ஊரு எங்க போயிரப் போகுது" என்று சிரித்துவிட்டு வெங்காயம் உரிக்கப் போய்விட்டார்.

இதையெல்லாம் நான் பொறுத்துக்கொள்வேன். போன வாரம் நடந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. கச்சாலிலிருந்து அண்ணியின் ஊர்க்காரர் சிவஞானம் அண்ணன் தன் மனைவி செல்லத்தை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவந்தார், இரண்டு பிள்ளைகளோடு. நேராக நம் வீட்டுக்குத்தான் வந்தார்கள். உங்கள் அக்கா வரச் சொன்னாராம். என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. ஹாலில் அவர்கள், அறையில் அண்ணி, பிள்ளைகள் எல்லா இடத்திலும். நளினிக்குப் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை தலைக்குமேல் நிற்கிறது. அவள் குளியலறையில் பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள். யாராவது கதவைத் தட்டினால் எழுந்து வெளியே வந்து நின்றுவிட்டு, மறுபடி உள்ளே போனாள்.

அவர்கள் நேற்றுத்தான் கிளம்பினார்கள். அடுத்து வருகிறவர்கள் யாரோ? நான் வாயைத் திறந்தால் நாத்தனாரை விரட்டியவள் என்று பெயர். நீங்கள் சொன்னால் தம்பி சொன்னதோடு போய்விடும். தயவுசெய்து அக்காவிடம் நீங்களே பேசுங்கள். வழக்கம்போல் "ம், இருக்கட்டும்" என்று ஊமைக்கோட்டானாக இருந்துவிடாதீர்கள். உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
வசந்தகுமாரி


குட்வில் எஸ்டேட்
சனிக்கிழமை

அன்புள்ள நளினி அப்பாவுக்கு,

நலம். நளினி முதல் இரண்டு பரீட்சையும் நன்றாக எழுதியிருப்பதாகச் சொல்கிறாள்.

என் கடிதம் கிடைத்ததா என்று போனில் கேட்டேன். "கெடச்சுச்சு, பாக்கலாம்" என்றீர்கள். நீங்கள் பார்ப்பதற்குள் நளினிக்குக் கல்யாணமே ஆகிவிடும் என்று தோன்றியது. அதனால் நானே ஒரு காரியம் செய்தேன். கோபப்படாமல் படியுங்கள்.

எங்கள் ஆபீஸ் ஹரிஹரனின் மச்சான் கப்பல் டிக்கெட் கவுண்டரில் இருக்கிறார். கச்சாலுக்கு படுத்துக்கொண்டு போகிற மாதிரி ஒரே ஒரு பங்க் டிக்கெட் கிடைக்குமா என்று கேட்டுவைத்தேன். புதன்கிழமை ஹரிஹரன் ஓடிவந்து, "மேடம், டிக்கெட் மில் கயா! அண்ணிக்கு லக்கு" என்றார். நம் தீவில் ஒருவருக்குக் கப்பல் டிக்கெட் வாங்கிக் கொடுப்பதைவிடப் பெரிய உபகாரம் என்ன இருக்கிறது? அதை வேண்டாம் என்று சொன்னவர் இதுவரை யாரும் இல்லை. வெளியே போங்கள் என்று சொல்லாமலே சொல்ல எனக்கு அகப்பட்ட மரியாதையான வழி அதுதான்.

சாயங்காலம் அண்ணி கையில் டிக்கெட்டைக் கொடுத்தேன். உங்களுக்காக எத்தனை பேரைப் பிடித்தேன் தெரியுமா என்றுகூடச் சொன்னேன். அவர் அதை ஆபரேஷன் செய்த கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "நல்லது புள்ள. ஒனக்குத்தான் எவ்வளவு செரமம்" என்றார். கொஞ்சம் கழித்து, "வேற யாராச்சும் அவசரமா போறவங்க இருந்தா இதக் குடுத்துரலாமே" என்றார். பாருங்கள், கையில் கிடைத்த கப்பல் டிக்கெட்டையும் தானம் செய்யப் பார்க்கிறார் என்று எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் ஒன்றாக வந்தது. டிக்கெட்டில் உங்கள் பெயர் இருக்கிறது அண்ணி, மாற்ற முடியாது என்றேன். அவர் டிக்கெட்டை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டார்.

நேற்று நானும் நளினியும் கப்பல் ஜெட்டிக்குப் போய் ஏற்றிவிட்டோம். கிளம்புமுன் போர்வையைத் துவைத்துக் காயப்போட்டு மடித்துவைத்திருந்தார். என் நைட்டியையும் அப்படியே. மகனுக்கும் மருமகளுக்கும் கொடுக்க நான் வாங்கிவைத்த முறுக்கையும் பிஸ்கட்டையும் நளினி கையிலேயே திரும்பத் திணித்துவிட்டார். "புள்ள படிக்கிற புள்ள, அது தின்னட்டும்" என்றார். வீட்டை விட்டு இறங்கும்போது வாசல் கதவை அவரே சாத்தினார். இத்தனை மாதத்தில் அவர் ஒரு கதவைச் சாத்தி நான் பார்த்ததில்லை. நளினி ஆட்டோவில் அழுதாள். எனக்கும் ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. ஆனால் ராத்திரி வீடு அமைதியாக இருந்தது, நளினி மேஜையில் உட்கார்ந்து படித்தாள், நானும் நிம்மதியாகத் தூங்கினேன்.

நீங்கள் பிரவீன்குமாருக்கு போன் செய்து அம்மாவைக் கப்பலடிக்கு வந்து கூட்டிப்போகச் சொல்லுங்கள். நான் போட்டால் அவன் போன் போகவே இல்லை. கச்சாலில் எப்போதும் நெட்வொர்க் இப்படித்தானே.

அன்புடன்,
வசந்தகுமாரி


குட்வில் எஸ்டேட்
செவ்வாய்க்கிழமை

நளினி அப்பாவுக்கு,

இப்போது வீட்டில் மூலைக்கு மூலை இடம் இருக்கிறது. எங்கே நின்றும் எவ்வளவு சத்தமாகவும் போன் பேசலாம். ஆனால் பேசினால் கத்திவிடுவேன். நேற்றுப் பாதியில் போனை வைத்ததும் அதற்காகத்தான். ஆகவே மறுபடியும் கடிதம்.

நேற்று உங்களிடம் அரையும் குறையுமாகச் சொன்னதை ஒழுங்காகச் சொல்கிறேன். அண்ணி போய்ப் பத்து நாள் கழித்து, நேற்று வந்த கச்சால் கப்பலில் சிவஞானம் அண்ணன் வந்தார், செல்லத்தின் ஸ்கேன் ரிப்போர்ட் வாங்க. நம் வீட்டுக் கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டே கூப்பிட்டார். உள்ளே வாருங்கள் என்றேன். "இல்லம்மா, லாட்ஜுல எடம் போட்டுட்டேன். ஒங்களுக்கு எதுக்குச் செரமம்" என்றார். நான் எத்தனை நாள் வேண்டிக்கொண்ட வார்த்தை அது. காதில் விழுந்தபோது முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அவர் சொன்னது இதுதான். பிரவீன்குமாரும் அவன் மனைவியும் கார்த்திகையிலேயே திருப்பூருக்குப் போய்விட்டார்கள். ரப்பர்த் தோட்ட வேலை நின்ற பிறகு கச்சாலில் பிழைப்பு இல்லை என்று போனார்களாம். போகும்போது கூரைத் தகரத்தைக் கழற்றி விற்றுவிட்டுப் போயிருக்கிறான். அங்கே இப்போது நிற்பது நான்கு சுவர் மட்டும். அண்ணி ராத்திரியில் கோயிலுக்குப் பக்கத்து வீட்டில் படுத்துக்கொள்கிறாராம். விடிந்ததும் போய் அந்தக் கூரையில்லாத வீட்டைப் பெருக்கி வாசல் தெளிக்கிறாராம். எதற்கு அக்கா என்று கேட்டதற்கு, "குப்பையாக் கெடந்தா ஊரு என்ன சொல்லும்" என்றாராம்.

உங்களுக்கு இது முன்பே தெரியுமா அண்ணா என்று சிவஞானத்திடம் கேட்டேன். அவர் என்னை வித்தியாசமாகப் பார்த்தார். "ஊருக்கே தெரியுமேம்மா. வேலாயி அக்காவ தம்பியும் தம்பி பொண்டாட்டியும் கூடவே வெச்சுக்கிட்டாங்கன்னு கச்சால்ல எல்லாருக்கும் ஒங்க பேச்சுத்தான். அதான் அக்கா வீடுன்னு நெனச்சு நாங்களும் உரிமையா வந்துட்டோம்" என்றார். நான் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த ஊரில் எனக்கு இவ்வளவு நல்ல பெயர் இருந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை.

அதன் பிறகுதான் உங்களுக்கு போன் செய்தேன். விஷயத்தைச் சொன்னேன். "தெரியும் வசந்தி. அக்காதான் சொல்லாதேன்னுச்சு" என்றீர்கள்.

அக்கா சொல்லாதே என்றார், நீங்கள் சொல்லவில்லை. அவர் மகனைக் காட்டிக்கொடுக்க மனமில்லாமல் மறைத்தார், அதுகூட எனக்குப் புரிகிறது. தாய் அப்படித்தான் இருப்பாள். நீங்கள் எதற்கு மறைத்தீர்கள்? சொன்னால் நான் அவரை வைத்துக்கொள்ளமாட்டேன் என்று பயந்தீர்களா? பயப்பட வேண்டியதுதான். சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன், அழுதிருப்பேன், ஒரு வாரம் பேசாமல் இருந்திருப்பேன். ஆனால் அந்த டிக்கெட்டை வாங்கியிருக்கமாட்டேன். என் சீப்பை எடுத்தவரிடம் கேட்டுவிட்டு எடுங்கள் என்று சொல்லத் துடித்த நான், உங்களுக்கு என்ன கஷ்டம் அண்ணி என்று ஒரு தடவை கேட்கவில்லை. அது என் குற்றம், அதை நான் சுமந்துகொள்கிறேன். உங்கள் பங்கை நீங்கள் சுமந்துகொள்ளுங்கள். உங்கள்மேல் கோபம் இன்னும் தீரவில்லை, இனியும் எத்தனை நாள் இருக்குமோ தெரியாது.

இப்போது நடக்க வேண்டியதைச் சொல்கிறேன். வெள்ளிக்கிழமைக் கப்பலில் நான் கச்சாலுக்குப் போகிறேன். ஆபீஸில் லீவு சொல்லிவிட்டேன். ஹரிஹரன், "மறுபடியும் கச்சாலா மேடம்?" என்று சிரித்தார், எனக்குச் சிரிக்க வரவில்லை. நீங்கள் வியாழக்கிழமையே காட்டு வழி கான்வாய் பஸ்ஸில் கிளம்பி வந்துவிடுங்கள். நளினிக்குக் கடைசிப் பரீட்சை பாக்கி இருக்கிறது, தனியாக விட முடியாது.

போவதற்கு மட்டும் டிக்கெட் எடுத்திருக்கிறேன். திரும்பி வர எடுக்கவில்லை. அண்ணி கையில் இன்னொரு டிக்கெட்டைத் திணிக்கக் கூடாது. முதலில் அவரிடம் கேட்பேன், வருகிறீர்களா என்று. சரி என்று சொன்ன பிறகு இருவருக்கும் சேர்த்து அங்கேயே எடுத்துக்கொள்கிறேன். வரமாட்டேன் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. அதை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அவர் வந்த பிறகு என் பீரோவைத் திறந்தால் எனக்கு மறுபடியும் கோபம் வரும். என்னைக் கேட்காமல் ஆட்களை வரச் சொன்னாலும் வரும். நான் ஒரே நாளில் மாறிவிடமாட்டேன், அவரும் மாறமாட்டார். ஆனால் இந்தத் தடவை அதை நானே அவர் முகத்தைப் பார்த்துச் சொல்வேன், நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். "ம்" கொட்டுவதற்கு இல்லை. வாயைத் திறந்து பேசுவதற்கு.

நீங்கள் இங்கே இருக்கும் நாட்களில் பின்பக்க வராந்தாவை அடைத்து ஒரு சின்ன அறையாக்கிவிடுங்கள். வீட்டுக்காரர் கிருஷ்ணமூர்த்தி சாரிடம் கேட்டுவிட்டேன், சரி என்றார். சாத்தம் மர மில்லில் பலகை கிடைத்தால் நல்லது, இல்லையென்றால் பிளைவுட் போதும். ஒரு கட்டில் போடுகிற அளவு இருந்தால் சரி. ஜன்னல் கடல் பக்கம் வேண்டாம், தெருப் பக்கம் வையுங்கள். அவருக்கு ஆள் நடமாட்டம் தெரிய வேண்டும்.

கதவு கட்டாயம் வேண்டும். தாழ்ப்பாளை உள்பக்கம் வையுங்கள், வெளிப்பக்கம் ஒன்றும் வேண்டாம். லயத்தில் பிறந்து வளர்ந்தவர், தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளமாட்டார் என்று எனக்குத் தெரியும். போட்டாலும் போடாவிட்டாலும் அது அவர் கதவு. நானும் தட்டிவிட்டுத்தான் உள்ளே போவேன்.

கடல் அமைதியாக இருக்க வேண்டும் என்று முருகனை வேண்டிக்கொள்ளுங்கள். நான் கேட்கும்போது அண்ணி முகத்தைத் திருப்பிக்கொள்ளக் கூடாது என்றும் சேர்த்து வேண்டிக்கொள்ளுங்கள். அவர் உங்கள் அக்கா ஆயிற்றே, நீங்கள் கேட்டால் கடவுள் கொடுப்பார்.

உங்கள்,
வசந்தகுமாரி