ஐந்தாம் தளத்தில் ஒரு மேசை

சிங்கப்பூர்
12 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அப்பாவுக்கு,

அனுஜா எழுதுகிறேன். நான் நலம். வீட்டுச் செய்திகளை அம்மா போனில் சொல்லிவிடுகிறார். என் குரல் கேட்டதும் நீங்கள் போனை அம்மாவிடம் நீட்டிவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படி நீட்ட முடியாது. உங்கள் பெயருக்கு வந்த உறையைப் பிரிக்காமல் வைக்கவும் உங்களுக்கு மனம் வராது. அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

கப்பலில் எனக்குப் பதவி உயர்வு வந்திருக்கிறது. ஐந்தாம் தளத்து உணவுக்கூடத்தில் ஜன்னலோர மேசைகள் எல்லாம் இப்போது என் பொறுப்பு. காம்பாரில் கணக்கியல் படித்துவிட்டு, ஈப்போவில் பார்த்த கணக்காய்வு வேலையையும் உதறிவிட்டுத் தட்டு தூக்கப் போகிறாளே என்று நீங்கள் பேச்சை நிறுத்தி இரண்டு வருடம் ஆகிறது. பெருமையடிக்க எழுதுகிறேன் என்று நினைப்பீர்கள். ஆமாம், பெருமைதான்.

இன்னொரு செய்தி. நவம்பரில் கிள்ளான் துறைமுகத்திலிருந்து பினாங்கு, புக்கெட் போய்த் திரும்பும் பயணத்தில் என் பெற்றோருக்கென்று ஓர் அறை கிடைத்திருக்கிறது. நீங்களும் அம்மாவும் வர வேண்டும்.

வந்தால் எனக்காக ஒன்று செய்யுங்கள். கப்பலில் சாப்பிட இரண்டு இடம் உண்டு. மேல் தளத்தில் பஃபே: தட்டை ஏந்தி வரிசையில் நின்று வேண்டியதை அள்ளிக்கொள்ளலாம். எங்கள் கூடத்தில் உட்கார்ந்தால் போதும், சாப்பாடு மேசைக்கு வரும். ஏறியதும் எல்லாரும் மேலேதான் ஓடுவார்கள். நீங்கள் கீழே வாருங்கள். கடல் தெரிகிற இருவர் மேசை ஒன்றை உங்களுக்காக ஒதுக்கி வைக்கிறேன். பரிமாறப் போவது நான்தான்.

உங்கள் மகள்,
அனுஜா

*

குனோங் ராபாட், ஈப்போ
29 ஆகஸ்ட் 2024

அன்பு மகள் அனுஜாவுக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே நலம். மாலையானால் மழை. மலையடிவாரத்தில் புதிதாக வீடு கட்டுகிறார்கள், பகலெல்லாம் ஒரே தூசி. அம்மாவின் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. ஆனால் உன் கடிதம் வந்த அன்றே பரண் மேலிருந்த பெட்டியை இறக்கித் துடைத்து வைத்துவிட்டாள். "நீங்க வராட்டியும் நான் போறேன்" என்கிறாள். அண்ணன் திருக்குமரன் போன வாரம் கோலாலம்பூரிலிருந்து வந்திருந்தான். இரண்டு நாள் சாப்பிட்டான், தூங்கினான், போய்விட்டான்.

அம்மாவைத் தனியே அனுப்ப முடியாது. அதனால் நானும் வருகிறேன். ஆனால் நான் மேலேதான் சாப்பிடுவேன். காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். வீட்டில் நீ எனக்குச் சோறு போட்டது மகள் என்பதால். அங்கே போடுவது நான் டிக்கெட் வைத்திருப்பதால். ஊர் பேர் தெரியாத ஒருவருக்குப் போடுகிற மாதிரி எனக்கும் நீ போடுவாய். நான் உட்கார்ந்திருக்க, நீ கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்பாய். என்னால் ஆகாது. பஃபேயில் என் தட்டு, என் கை. யாரையும் நிற்க வைக்க வேண்டியதில்லை.

என்னோடு வேலை பார்த்த சதாசிவம் வாராவாரம் கேட்பார்: "உங்க மக இப்ப என்னா பண்ணுது?" "சிங்கப்பூர்ல ஒரு கம்பெனில இருக்கு" என்பேன். அது பொய்யில்லையே.

குளிருக்குப் போர்வை எடுத்து வர வேண்டுமா என்று அம்மா கேட்கச் சொன்னாள்.

அப்பா,
அருளம்பலம்

*

கப்பலில், பினாங்கு
12 நவம்பர் 2024

அன்புள்ள அப்பா,

ஊழியர்கள் பயணிகளின் அறைக்கு வரக் கூடாது என்பது இங்கே சட்டம். உங்கள் அறையைப் பராமரிக்கும் தோழியிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். பதில் எழுதினால் அவரிடமே கொடுங்கள்.

நேற்று மாலை அம்மா மட்டும் வந்தார். பச்சைப் பட்டுப் புடவை, தலையில் பூ. வாசலில் கொஞ்சம் தயங்கினார். நான் நாற்காலியை இழுத்துவிட்டதும் உட்கார்ந்து, மடியில் விரித்த துணியை நீவிக்கொண்டார். "நான் எழுந்திருக்கவே வேணாமா?" என்று கேட்டார். "வேணாம்மா. நீங்க ஜன்னலப் பாருங்க" என்றேன். சூப், மீன், பழம், காப்பி என்று ஒவ்வொன்றாக வந்தது. ஒன்றை முடிக்கும்வரை அடுத்ததை யாரும் கொண்டுவந்து திணிக்கவில்லை. கடைசியில் அம்மா சொன்னது: "சூடா சாப்பிட்டு எவ்ளோ நாளாச்சு." அவருக்கு எதிரே இருந்த நாற்காலி காலியாகவே இருந்தது. அதை எடுத்து வேறு மேசைக்குப் போடலாமா என்று என்னோடு வேலை செய்பவர் கேட்டார். இருக்கட்டும் என்றேன்.

நீங்கள் எழுதிய காரணத்தைப் பலமுறை படித்தேன். அப்பா, வீட்டில் நான் பரிமாறியது மகள் என்பதால் மட்டுமா? அண்ணனும் உங்கள் பிள்ளைதானே? அவன் சோற்றுக் கரண்டியைத் தொட்டதே இல்லை. தொடச் சொல்லி யாரும் கேட்டதும் இல்லை. வீட்டில் என்னைக் கேட்காமலே நிற்க வைத்தார்கள். இங்கே நானாக விரும்பி நிற்கிறேன். நன்றாகச் செய்கிறேன் என்பதால்தான் இந்த மேசைகளை என்னிடம் தந்திருக்கிறார்கள். நான் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதுமில்லை. வந்து பாருங்கள்.

அனுஜா

*

கப்பலில், புக்கெட்
13 நவம்பர் 2024

அனுஜாவுக்கு,

மேலே எனக்கு ஒரு குறையும் இல்லை. லக்சா நூடுல்ஸ் வரிசை மட்டும் கொஞ்சம் நீளம். நேற்று ஒருவர் இறாலை மலை மாதிரி அடுக்கிக்கொண்டு போய், பாதியைச் சிந்திவிட்டு மறுபடி வரிசையில் வந்து நின்றார். நான் நாசி லெமாக் சோறு எடுத்துக்கொண்டு திரும்பினால் உட்கார இடமில்லை. நின்றுகொண்டே சாப்பிட்டேன். அதிலொன்றும் தப்பில்லை.

எழுத வந்தது வேறு விஷயம். சதாசிவமும் மனைவி கலாதேவியும் இதே கப்பலில் வந்திருக்கிறார்கள். நான் இந்தப் பயணத்தைப் பற்றி ஓய்வு பெற்றோர் சங்கத்தில் சொன்னதைக் கேட்டுத்தான் அவர்களும் இடம் பதிந்தார்களாம். இன்று காலை காப்பிப் பக்கம் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என்னா அருள், இங்க நின்னு இடிபடுறீங்க? கீழ போலாம் வாங்க. ஜன்னலோரமா ஒரு தமிழ்ப் பிள்ள இருக்கு. என்னா அழகா கவனிக்குது தெரியுமா! கலாவுக்கு சக்கரை ஆகாதுன்னு ஒரே ஒரு தடவதான் சொன்னோம். மறுநாளு கேக்காமலே பழத்த நறுக்கிக் கொண்டாந்து வெச்சிருச்சு லா."

"அப்படியா" என்றேன்.

உன்னைப் பற்றித்தான் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும். நீ யாரென்று அவருக்குத் தெரியாது. சின்ன வயதில் பார்த்தது. நாளை மாலை கீழே வருவதாக அவரிடம் சொல்லித் தொலைத்துவிட்டேன். என்ன செய்வதென்று தெரியவில்லை.

அப்பா

*

கப்பலில்
14 நவம்பர் 2024

அப்பா,

ஏழு மணிக்கு வாருங்கள். அம்மாவுக்கு எதிர் நாற்காலி உங்களுடையது. சதாசிவம் மாமாவின் மேசை அதற்கு அடுத்தது.

நான் எதையும் சொல்லிக்காட்ட மாட்டேன். மற்ற மேசைகளைப் பார்ப்பது போலத்தான் உங்கள் மேசையையும் பார்ப்பேன். நான் யார் என்பதை நீங்கள் சொன்னால் சந்தோஷம். சொல்லாவிட்டாலும் உங்கள் சாப்பாடு சூடாக வரும்.

அனுஜா

*

சிங்கப்பூர்
20 நவம்பர் 2024

அப்பாவுக்கு,

கடைசி மாலை நீங்கள் வந்தீர்கள். நீலக் கோட்டுப் போட்டு, தலையை வகிடெடுத்துச் சீவி வந்தீர்கள். வாசலில் உங்களைப் பார்த்ததும் அம்மாவுக்கு எதிர் நாற்காலியை இழுத்துவிட்டேன்.

"மீன் நல்லாருக்கும். முள்ளெடுத்துத் தரவா?" என்று கேட்டேன். தலையாட்டினீர்கள். முள்ளெடுத்து முடிக்கும்வரை என் கையையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். முகத்தைப் பார்க்கவில்லை.

அப்போதுதான் பின்மேசைக்காரர் விரலைச் சொடுக்கி, "ஓய்!" என்று என்னைக் கூப்பிட்டார். நாற்காலியைத் தள்ளிவிட்டு நீங்கள் எழுந்தீர்கள். நான் உங்களை ஒரு பார்வை பார்த்தேன். உட்கார்ந்துவிட்டீர்கள். அவரிடம் போய், "என் பேரு அனுஜா. பேரச் சொல்லிக் கூப்பிடுங்க, வந்துருவேன்" என்றேன். அடுத்த முறை பேர் சொல்லித்தான் கூப்பிட்டார். இப்படிப்பட்டவர்களை நான் தினமும் பார்க்கிறேன் அப்பா. அவர்களால் எனக்கு வலிப்பதில்லை.

வலித்தது வேறு. காப்பிக் கூஜாவோடு உங்கள் பின்னால் நின்றேன். சதாசிவம் மாமா குனிந்து கேட்டார்: "என்னா அருள், இவ்ளோ கோவம்? தெரிஞ்ச பிள்ளையா?" நீங்கள் சொன்னீர்கள்: "தெரியாது. பொதுவா மரியாதைன்னு ஒன்னு இருக்குல்ல."

அம்மா கரண்டியை வைத்துவிட்டு எழுந்து போனார். நான் உங்களுக்குக் காப்பி ஊற்றினேன். சிந்தவில்லை. "தேங்க் யூ, மிஸ்" என்றீர்கள்.

சொன்னாலும் சொல்லாவிட்டாலும் ஒன்றுதான் என்கிற மாதிரி எழுதியிருந்தேன். இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

டிசம்பர் விடுமுறைக்கு ஈப்போ வருவதாக இருந்தேன். வரவில்லை. லூமுட்டில் தோழி தினேஸ்வரி வீட்டில் தங்கப்போகிறேன். அம்மா அங்கே வந்து என்னைப் பார்க்கட்டும். உங்களுக்குத் தெரியாத பிள்ளை உங்கள் வீட்டில் வந்து தங்குவது சரியாக இருக்காது.

அனுஜா

*

குனோங் ராபாட், ஈப்போ
17 டிசம்பர் 2024

என் அன்பு மகள் அனுஜாவுக்கு,

லூமுட் முகவரியை அம்மாவிடம் வாங்கினேன். சும்மா கிடைக்கவில்லை. கப்பலிலிருந்து இறங்கியதிலிருந்து அவள் என்னோடு சரியாகப் பேசவில்லை. சமைத்து மூடி வைத்துவிடுவாள். நானே எடுத்துப் போட்டுத் தனியாகச் சாப்பிடுவேன். வீட்டுக்குள்ளேயே எனக்குப் பஃபே.

போன ஞாயிறு ஓய்வு பெற்றோர் சங்கத்தில் கூட்டம். ஆண்டு விருந்தைப் பற்றிப் பேச்சு வந்தது. செயலாளர் ஜெயபாலன், "போன வருஷம் மாதிரி பஃபே வெச்சுருவோம், அதான் சுலபம்" என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். நான் எழுந்தேன்.

"பஃபே வேணாம். உக்கார வெச்சுப் பரிமாறச் சொல்லுங்க" என்றேன். "நம்மள்ல பாதிப் பேருக்கு முட்டி வலி. தட்டத் தூக்கிக்கிட்டு நிக்க முடியாது. உக்காந்து எதிர்ல இருக்கிற ஆளோட முகத்தப் பாத்துச் சாப்பிட்டாத்தான் அது விருந்து."

ஜெயபாலன் சிரித்தார். "என்னா சார், கப்பல்ல போயிட்டு வந்ததும் பெரிய ஆளா ஆயிட்டீங்களா?"

"கப்பல்லதான் பாத்தேன். என் மக அங்க பரிமாறுறா. ஜன்னலோர மேசையெல்லாம் அவ பொறுப்பு."

மூன்றாம் வரிசையிலிருந்து சதாசிவம் எழுந்தார்.

"அருள், அந்தப் பிள்ளையா? பழம் நறுக்கிக் கொடுத்துச்சே?"

"அதே பிள்ளதான். அனுஜா."

"அன்னிக்குத் தெரியாதுன்னீங்க?"

"அன்னிக்கு அப்படிச் சொன்னேன். இன்னிக்கு எல்லார் முன்னாடியும் சொல்றேன். என் மக."

சதாசிவம் திட்டப் போகிறார் என்று நினைத்தேன். "கலாகிட்ட சொல்லணும். அந்தப் பிள்ளையோட அப்பா அம்மா குடுத்து வெச்சவங்கன்னு கப்பல்லயே சொல்லிக்கிட்டு இருந்தா" என்றார். பிறகு கையைத் தூக்கி, "நானும் பஃபே வேணாங்கிறேன்" என்றார்.

அதற்கு மேல் எங்கள் பக்கம் ஒரு கையும் எழவில்லை. இந்த வருடமும் பஃபேதான். பரவாயில்லை, போவேன், வரிசையில் நிற்பேன். நிற்கும்போது உன்னைப் பற்றிக் கேட்பார்கள். பதில் சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது. நீ முள்ளெடுத்த அழகையே அரை மணி நேரம் சொல்லலாம்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். சமையலறைக்குள் போனாள். இரண்டு தட்டை எடுத்து வந்து மேசையில் எதிரெதிரே வைத்தாள். அவள் உட்கார்ந்தாள். நான் சோறு போட்டேன். நிறையச் சிந்தினேன்.

கணக்காய்வு வேலையை நீ விட்டுவிட்டது எனக்கு இன்றைக்கும் பிடிக்கவில்லை. அதற்காக உன்னோடு நேரில் சண்டை போட வேண்டியிருக்கிறது. சனிக்கிழமை காலை அம்மாவும் நானும் காரில் லூமுட்டுக்கு வருகிறோம். பெட்டியைக் கட்டி வை.

உன் அப்பா,
அருளம்பலம்