சிட்டிகை உலோகம்

மகளே,

இன்று பட்டறையில் கப்பல் பம்பின் தண்டைக் கடைந்துகொண்டிருந்தபோது கார்பைடு வெட்டுமுனை ஒன்று ‘டிக்’கென்று தெறித்தது. துண்டை எடுத்து வெயிலில் பிடித்தேன். உடைந்த இடமெல்லாம் நம் உப்பளத்துக் கல்லுப்பு மாதிரி மின்னிற்று. உடனே என் காதில் உன் குரல்: “எப்பா, இது சிட்டிகை போடாத சாதி.”

உலகச் சண்டை நடந்த வருஷங்களில்தான் அந்த முனைகள் துறைமுகத்துக்கு வந்தன. உருக்கையே சீவித் தள்ளும். ஆனால் ஒரு பெட்டியில் வந்தவை சீக்கிரம் உடையும். இன்னொன்றில் வந்தவை அசையாமல் உழைக்கும். உழைக்கிற பெட்டியில் கிடந்த இங்கிலீஷ் காகிதத்தை உன்னிடம் நீட்டினேன். நான் படித்தது இரண்டாம் வகுப்பு, அதிலும் பாதி நாள் கடற்கரையில். நீ மிஷன் பள்ளிக்கூடம். மீன் அரிந்துகொண்டிருந்த உன் அம்மைக்கும் கேட்கும்படி வாசித்துச் சொன்னாய்.

“மாவு மாதிரி பொடிசான கெட்டி மணிகள, கோபால்ட்டுங்கிற உலோகத்தால ஒட்டி உலையில சுடுதாவ. அப்போ பெரிய மணி சின்ன மணியத் தின்னு பெருத்துருமாம். பெருத்தா முனை பொட்டுனு போயிரும். அதுக்குத்தான் வேற உலோகம் ஒரு சிட்டிகை சேக்காவ. அது மணிக்கும் மணிக்கும் நடுவுல, எல்லையில போய் உக்காந்துக்கிட்டு, ஒண்ண ஒண்ணு திங்க விடாதாம்.”

“ஏளா, அது நீதானா?” என்று சிரித்தேன்.

அன்று எனக்கும் உன் அம்மைக்கும் ஏதோ பிணக்கு, நேர்ப் பேச்சில்லை. “சிரிப்ப நிறுத்திட்டு உங்கப்பாவச் சாப்பிட வரச் சொல்லு” என்றாள். “மீனுல உப்பக் குறைக்கச் சொல்லு உங்க அம்மைய” என்றேன். ஒரே அறை, கைக்கெட்டும் தூரம். நாங்கள் இருவரும் கேட்டுக்கொண்டிருக்கும்போதே நீ மாற்றிச் சொன்னாய்: “எம்மா, மீன் நல்லாருக்காம்.”

அப்புறம் விஷக்காய்ச்சல் வந்து உன்னைக் கொண்டுபோயிற்று. பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்கு முந்தியே தூக்கிப் போகவில்லையே என்று உன் அம்மைக்கு என்மேல் ஆறாத வருத்தம். எனக்கும் அதேதான், என்மேல். அவள் துக்கம் ஒரு பக்கம் பெருத்தது, என் துக்கம் ஒரு பக்கம் பெருத்தது. ஒரு சொல் பட்டால் தெறித்துவிடும் என்று இருவரும் வாயைத் திறக்கவில்லை. பட்டறையையே சிரிக்க வைக்கிறவன், வாசல்படி ஏறினால் ஊமை. ஓட்டப்பிடாரத்தில் இருக்கும் தன் அண்ணன் வீட்டுக்கே போய்விட அவள் துணியை மூட்டை கட்டி வைத்திருந்தாள். நாளைக் காலை வண்டி.

சாயங்காலம் அந்த உடைந்த துண்டை, நீ உட்கார்ந்து படிக்கும் ஜன்னல் ஓரத்தில் வைத்தேன். அவள் அதைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு தட்டில் சோற்றைப் போட்டு, என் பக்கம் திரும்பாமல், ஜன்னலைப் பார்த்துச் சொன்னாள்:

“ஏளா, உங்கப்பாவச் சாப்பிட வரச் சொல்லு.”

“வாரேன்னு சொல்லு” என்று தட்டின் முன் உட்கார்ந்தேன்.

மூட்டை இன்னும் மூலையில்தான் இருக்கிறது. மீனில் உப்பை அள்ளிக் கொட்டியிருந்தாள். அவள் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். நீ மாற்றிச் சொல்ல நானும் கொஞ்சம் காத்திருந்தேன், மகளே.

அப்புறம் நானே சொன்னேன்: “மீன் நல்லாருக்குன்னு சொல்லு.”